பழைய டிவியா, 32 இன்ச்சா, 43 இன்ச் 4கேயா?

ஆடித் தள்ளுபடி விளம்பரம் வந்ததும் பல வீடுகளில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் பழைய டிவியையே ஓட்டுவதா, 32 இன்ச் எச்டி ரெடியோடு நிறுத்திக்கொள்வதா, மேலே கொஞ்சம் போட்டு 43 இன்ச் 4கே வாங்கிவிடுவதா? கடைக்காரர் மூன்றாவதைத்தான் சொல்வார். நான் முதலில் கேட்பது, உங்கள் வீட்டு செட்டாப் பாக்ஸ் எது என்று.

புது டிவி வாங்கிய பல வீடுகளில் திரை சுவரில் பளபளவென்று தொங்கும். பின்னால் கையை விட்டுப் பார்த்தால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட பழைய ஏவி ஒயர். மாட்ட வந்தவர் இருந்த எஸ்டி பாக்ஸை, அதாவது சாதாரணத் தெளிவு மட்டும் தரும் பழைய பாக்ஸை, அப்படியே செருகிவிட்டுப் போயிருப்பார். அந்த மஞ்சள் ஒயரில் எச்டி படம் வரவே வராது; அதிகபட்சம் 720க்கு 576 புள்ளிகள். அதை 3840க்கு 2160 புள்ளிகள் கொண்ட 4கே திரையில் இழுத்துப் பரப்பினால் சீரியல் நாயகியின் கன்னம் உப்பிப்போகும், செய்தியில் கீழே ஓடும் எழுத்தின் ஓரங்கள் கலங்கும். சின்னத் திரையில் இந்தக் குறை அவ்வளவாகக் கண்ணில் படாது. 'பழசே தேவலாம்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் அதைப் புலம்பல் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

ஆகவே பழைய டிவியில் எச்டி படத்தை வாங்கும் எச்டிஎம்ஐ துளை இருந்தால் முதல் செலவு எச்டி பாக்ஸாக இருக்கட்டும். எச்டி சேனல்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு. கேபிள்காரரிடம் எதையெல்லாம் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் எச்டி பாக்ஸிலும் எஸ்டி சேனலே ஓடும். ஓடிடி வேண்டுமென்றால் அதே வகைத் துளையில் இணையப் படம் ஓட்டும் ஒரு ஸ்டிக் போதும். சத்தம் வருகிறது, படம் வரவில்லை என்றாலும் உடனே எக்ஸ்சேஞ்சுக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். அறையை இருட்டாக்கி, திரைமீது டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் அசைந்தால் போயிருப்பது பின்விளக்கு, அதை மாற்றிவிடலாம். பேனலே, அதாவது படம் காட்டும் திரைத்தகடே, உடைந்திருந்தால் மட்டும் ரிப்பேர் செலவு புது டிவி விலையை நெருங்கிவிடும்.

அடுத்தது 32க்கும் 43க்கும் இடையிலான போட்டி. வெகுகாலம் 32தான் நடுத்தர வீட்டு அளவாக இருந்தது. அதற்கு வரியும் ஒரு காரணம். 32 இன்ச் வரை 18 சதவீத ஜிஎஸ்டி, அதைத் தாண்டினால் 28. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய திரைக்கும் 18 சதவீதமே என்றாகிவிட்டதால் அந்தத் தடை நீங்கிவிட்டது.

இனி உங்கள் ஹாலை அளந்து பாருங்கள். சோபாவிலிருந்து சுவர் எட்டடி என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தூரத்தில் 32 இன்ச் திரையில், எச்டி சேனல் அனுப்பும் நுணுக்கத்தில் பெரும்பகுதியைக் கண் தவறவிடும். 43 இன்ச்சின் பரப்பு ஏறக்குறைய 1.8 மடங்கு, வித்தியாசம் தெரியும். ஆனால் அது அளவின் வேலை, 4கேயின் வேலை அல்ல. 43 இன்ச்சில் ஃபுல் எச்டியையும் (1920க்கு 1080 புள்ளிகள்) 4கேயையும் நல்ல பார்வையுள்ள கண்ணே பிரித்தறிய வேண்டுமானால் ஆறடிக்குள் உட்கார வேண்டும். போதாக்குறைக்கு, நம் எச்டி சேனல்கள் தருவதே 1920க்கு 1080தான். 4கே படம் ஓடிடியில் கிடைக்கும். அதுவும் நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றில் மிக விலையுயர்ந்த திட்டத்தில், 15 எம்பிபிஎஸ் வேகமாவது உள்ள இணையத்தில்.

அப்படியானால் 4கே வீணா என்றால், 43 இன்ச்சில் ஃபுல் எச்டி மாடல்கள் அருகிவிட்டன, விலை வித்தியாசமும் பெரிதில்லை. வந்தால் வரட்டும், அதற்கென்று தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். அட்டைப்பெட்டியில் எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வேறுபாட்டோடு காட்டும் வசதி) என்று பெரிதாக அச்சிட்டிருப்பதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். மலிவு மாடல்களில் திரைக்கு அந்த வெளிச்சமே கிடையாது. பாயில் படுத்தும் பக்கவாட்டில் உட்கார்ந்தும் பார்க்கிற வீடு என்றால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் பேனலா என்று கேளுங்கள். இன்னொரு வகையான விஏ பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் ஓரத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுத்துவிடும்.

என் கணக்கில், படுக்கையறைக்கும் ஆறடி ஹாலுக்கும் 32 போதும். எட்டடியும் அதற்கு மேலும் என்றால் 43. எச்டி பாக்ஸுக்கான பணத்தையும் சேர்த்தே ஒதுக்குங்கள். எச்டி பாக்ஸ் போட்ட பழைய டிவி திருப்தியாக ஓடுகிறதென்றால் தீபாவளி வரை, ஏன், பொங்கல் வரைகூடக் காத்திருக்கலாம். கடைக்குப் போகும்போது, மயிலும் மாம்பழமுமாக ஓடுகிற டெமோ வீடியோவை நிறுத்தச் சொல்லி, ஒரு சாதாரண செய்திச் சேனலைப் போடச் சொல்லுங்கள். அதை எட்டடி தள்ளி நின்று பார்த்த பிறகு விலை பேசுங்கள்.