செகண்ட் ஹேண்ட் ப்ளக்-இன் ஹைப்ரிட்: பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

பெங்களூரில் பழைய ப்ளக்-இன் ஹைப்ரிட் கார் (பெட்ரோல் இன்ஜினோடு, பிளக்கில் சார்ஜ் போடும் பேட்டரியும் உள்ள வண்டி) தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். படுத்துவிட்ட பேட்டரியோடு ஒரு வண்டியை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள்.

அவுட்டர் ரிங் ரோடு பக்கம் ஒரு டீலர். 2017 மாடல், டெல்லி வண்டி. "சார்ஜ் போட்டா பேட்டரியிலேயே 35 கிலோமீட்டர் போகும் சார்" என்று வாட்ஸ்அப்பிலும் அனுப்பினார், நேரிலும் சொன்னார். நான் தமிழ் என்று தெரிந்ததும், "நம்ம ஆளு சார் நீங்க, உங்களுக்குப் போய் தப்பான வண்டி தருவேனா?"

டெஸ்ட் டிரைவுக்கு வண்டியைக் கொண்டுவந்தபோதே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பானெட்டில் கை வைத்தால் சுட்டது. எலக்ட்ரிக் மோடு பட்டனை நான் தேட, "அது வேணாம் சார், ஆட்டோலயே விடுங்க, வண்டியே பார்த்துக்கும்" என்று கையை நீட்டித் தடுத்தார். திருட்டுத்தனம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. ஆட்டோ மோடில் பேட்டரி எவ்வளவு தேய்ந்திருந்தாலும் பெட்ரோல் இன்ஜின் கைகொடுத்துவிடும், ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. முழு எலக்ட்ரிக் காரில் இப்படி மறைக்க முடியாது.

வண்டியை வாங்கிய பிறகு வீட்டில் ஃபுல் சார்ஜ் போட்டு, அல்சூரிலிருந்து ஓல்டு ஏர்போர்ட் ரோடு வழியாக எடுத்துப் போனோம். மாரத்தஹள்ளி பாலம் வருவதற்குள், சொன்ன 35 கிலோமீட்டரில் பாதிகூட ஓடாமல், இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டது. அப்புறம் 15 ஆம்ப் பிளக்கில் யூனிட் காட்டும் மீட்டரை மாட்டிப் பார்த்தோம். புதிதில் 8 யூனிட்டுக்கு மேல் பிடிக்க வேண்டிய பேட்டரி, 4 யூனிட்கூடப் பிடிக்காமல் 'ஃபுல்' காட்டியது. தெரிந்த மெக்கானிக் ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் கருவி) போட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணா, உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடிதான் எரர் கோடெல்லாம் அழிச்சிருக்காங்க" என்றார். கோடுகளை அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற கணக்கு அதன் கம்ப்யூட்டரில் இருக்கும். எங்கள் வண்டியில் அது நாங்கள் ஓட்டியதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

டீலரிடம் போனால், "பேட்டரி டயர் மாதிரி சார், தேயத்தான் செய்யும்" என்கிறார். புதுப் பேட்டரிக்கு சர்வீஸ் சென்டர் சொன்ன தொகை லட்சங்களில். பல கம்பெனிகள் இந்தப் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வரை வாரண்டி தருகின்றன. 2017 வண்டிக்கு அதுவும் முடிந்த கதை.

நீங்கள் பார்க்கப் போகும்போது, முதல் நாளே ஃபுல் சார்ஜ் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள். எலக்ட்ரிக் மோடில், ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதிக்காமல், இன்ஜின் தானாக வரும் வரை ஓட்டுங்கள். அந்தக் கிலோமீட்டர்தான் பேட்டரியின் உண்மை நிலை. ஸ்கேனர் போட விடமாட்டேன் என்றால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். வெளிமாநில வண்டி என்றால் என்ஓசி (பழைய ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று) யார் வாங்கித் தருவது, கர்நாடக சாலை வரியை யார் கட்டுவது என்று எழுதி வாங்குங்கள். ஒரிஜினல் சார்ஜிங் கேபிள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி விற்கும் டீலர் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும், படிவம் 29பி. எங்களிடம் விற்றவரால் அதைக் காட்ட முடியவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்துவிட்டோம். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது. '35 கிலோமீட்டர்' என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திதான் இப்போது எங்கள் முக்கிய ஆதாரம். உங்களுக்கு இப்படி வரும் எந்தச் செய்தியையும் அழித்துவிடாதீர்கள்.