ஜோகன்னஸ்பர்க் லாஃப்ட் வீடுகள்: இடைத்தளம் போட அட்வான்ஸ் கொடுக்கும் முன் படியுங்கள்

மபோனெங், ஜெப்ஸ்டவுன், நியூடவுன் பக்கம் பழைய கிடங்குகளும் ஃபாக்டரிகளும் லாஃப்ட் வீடுகளாகிவிட்டன. அப்படி ஒரு வீட்டைப் புதுப்பிக்கப் போய் ஒரு தமிழ்க் குடும்பம் நன்றாக ஏமாந்திருக்கிறது. கான்ட்ராக்டர் பெயரோ கட்டடத்தின் பெயரோ இங்கே வேண்டாம். என்ன நடந்தது, எங்கே பிடித்திருக்கலாம் என்பதை மட்டும் எழுதுகிறோம்.

60 சதுர மீட்டரில் ஒரே கூடம், கூரை உயரம் 4.5 மீட்டர். அதற்குள் பாதி மாடி போல ஒரு இடைத்தளம் (மெஸனைன்) போடுவதுதான் வேலை. கொட்டேஷனில் மொத்தமே ஒரு வரி: "மெஸனைன், படி, தரை, செங்கல் சுவர், முழு வேலை". அட்வான்ஸ் 60%. "வீட்டுக்குள்ளேதானே செய்கிறோம், பிளான் அப்ரூவல் எதுவும் தேவையில்லை" என்று வாய்வார்த்தையாக ஒரு உறுதி. பெரிய கோளாறுகள் எல்லாம் இந்த ஒரு பொய்யிலிருந்து கிளம்பியவை.

முதலில் உயரம். தென்னாப்பிரிக்கக் கட்டட விதியான எஸ்.ஏ.என்.எஸ். 10400-இன்படி, திறந்த இடைத்தளம் கீழே உள்ள அறையின் பரப்பில் 25 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால், மேலேயும் கீழேயும் 2.1 மீட்டர் போதும். தாண்டினால் இரண்டு பக்கமும் 2.4 மீட்டர் வேண்டும். இந்தக் கான்ட்ராக்டர் போட்டது 28 சதுர மீட்டர். 2.4-ஐ இரண்டு முறை கூட்டி, தளத்தின் கனம் 20 செ.மீ. சேர்த்தால் 5 மீட்டர் ஆகிறது, இருப்பதோ 4.5. அந்தக் கூடத்தில் 15 சதுர மீட்டருக்கு மேல் போட வழியே இல்லை. அதுவும் தளத்தின் கனம் 30 செ.மீ.க்குள் அடங்க வேண்டும். டேப்பைப் பிடித்து ஐந்து நிமிடத்தில் போட்டுப் பார்க்கிற கணக்கு இது.

அடுத்தது அனுமதி. செக்‌ஷனல் டைட்டில் (கட்டடத்தில் ஒரு பகுதி மட்டும் தனி உரிமையாகிற) வீட்டில் இடைத்தளம் போட்டால் தரைப்பரப்பு கூடுகிறது. 1986-ஆம் ஆண்டின் செக்‌ஷனல் டைட்டில்ஸ் சட்டம், 24-ஆம் பிரிவின் கீழ் வரும் விரிவாக்கம் இது: அதற்கு பாடி கார்ப்பரேட்டின் (வீட்டு உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்த அமைப்பின்) சிறப்புத் தீர்மானம் வேண்டும், செக்‌ஷனல் பிளானையும் திருத்த வேண்டும். அந்த அமைப்பின் ட்ரஸ்டி ஒருவர் வாட்ஸ்அப்பில் "ஓகே" என்று போட்டது தீர்மானம் ஆகாது. நகராட்சியின் பிளான் அனுமதி தனி. கட்டடம் 60 வருடத்துக்கு மேல் பழையது என்றால், 1999-ஆம் ஆண்டின் பாரம்பரியச் சட்டம் 34-ஆம் பிரிவின்படி மாகாணப் பாரம்பரிய அமைப்பின் பெர்மிட்டும் சேரும். பழைய இரும்பு ஜன்னலைக் கழற்றி அலுமினியம் மாட்டுவதும் இதில் அடக்கம். அந்த வீட்டில் இதையும் கேட்காமலே செய்துவிட்டார்கள்.

இரும்பு வேலைதான் உண்மையில் ஆபத்தானது. 100 மி.மீ. உயரம், 2 மி.மீ. கனம் உள்ள லிப் சானலை (தகட்டை மடித்த இரும்புச் சட்டம்) 5 மீட்டர் நீளத்துக்கு, 60 செ.மீ. இடைவெளியில் போட்டு, மேலே 18 மி.மீ. பலகை அடித்திருந்தார்கள். வீட்டுத் தளத்துக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ எடை தாங்கும்படி கணக்கிட வேண்டும். அந்த எடை முழுவதும் ஏறினால் இந்தச் சானல் நடுவில் 5 செ.மீ. வரை தொய்யும். நீளத்தில் 360-இல் ஒரு பங்கு, அதாவது 14 மி.மீ.தான் பொதுவாக ஏற்கும் அளவு. சோதிக்க எஞ்சினியர் கூடத் தேவையில்லை: நடுவில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டு ஒருவர் நடந்தாலே தெரிந்துவிடும். சானலின் முனைகளைப் பழைய செங்கல் சுவரில் எக்ஸ்பான்ஷன் போல்ட்டால் (இறுக்கினால் துளைக்குள் விரியும் போல்ட்) பிடித்திருந்தார்கள், அதுவும் பாதி போல்ட்டுகள் செங்கல்லுக்கு நடுவே காரையில். இறுக்க இறுக்கப் பழைய செங்கல் பிளக்கும், காரை பொடியாக உதிரும். சுவரைக் குடைந்து கான்கிரீட் திண்டு வைத்து அதன்மேல் உத்திரத்தை உட்காரவைக்கலாம். இல்லையென்றால் சொந்தத் தூண் நிறுத்தலாம். எதுவானாலும் பதிவுபெற்ற ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரின் கையெழுத்துப் போட்ட வரைபடம் வேண்டும். ஒவ்வொரு படியின் உயரமும் 200 மி.மீ.க்குள், மிதி 250-க்குக் குறையாமல், கைப்பிடித் தடுப்பின் உயரம் 1 மீட்டர், கம்பிகளுக்கு நடுவே 10 செ.மீ. பந்து நுழையக்கூடாது. அங்கே இருந்தது கிட்டத்தட்ட ஏணி.

தரையில் எபாக்ஸி பெயின்ட், சில மாதத்திலேயே பாளம்பாளமாக உரிந்தது. மெஷின் எண்ணெய் ஊறிய ஸ்லாப்பில் ஆசிட் ஊற்றிக் கழுவிவிட்டு அடித்திருக்கிறார்கள். ஆசிட் எண்ணெயை எடுக்காது. டைமண்ட் கிரைண்டர் ஓட்டியாக வேண்டும். தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: உறிஞ்சாமல் முத்துமுத்தாக நின்றால் எண்ணெய் இருக்கிறது.

செங்கல் சுவரின் பூச்சை எடுத்து சாண்ட்பிளாஸ்ட் (மணலை வேகமாகப் பீய்ச்சுவது) அடித்ததில், செங்கல்லின் சூளையில் வெந்த மேல்தோல் போய்விட்டது. அதன்மேல் பளபள அக்ரிலிக் சீலர் வேறு. உள்ளே மாட்டிய ஈரம் வெள்ளை உப்பாகப் பூத்து, சுவர் இப்போது பொருபொருவென்று கொட்டுகிறது. முதலில் உளியால் ஒரு சதுர மீட்டர் மட்டும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய கட்டடங்களில் பூச்சுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் மட்டமான செங்கல்தான், காட்டுகிற அழகு அதில் இருக்காது. சீலர் அவசியம் என்றால் மூச்சுவிடும் சிலேன் வகையைக் கேளுங்கள்.

மின்சார வேலைக்கான சி.ஓ.சி.யில் (வேலை விதிப்படி இருக்கிறது என்னும் சான்றிதழ்) பதிவு எண் இருந்தது, டெஸ்ட் ரிப்போர்ட் இல்லை. ரிப்போர்ட் இல்லாத சி.ஓ.சி. செல்லாது.

பணம் கொடுக்கும் விதம்: தொடங்க 10 முதல் 20%, பிறகு எஞ்சினியர் பார்த்து ஒப்புக்கொண்ட கட்டத்துக்கு மட்டும், கடைசி 10% வேலை முடிந்து குறை தீர்த்த பிறகு. "இரும்பு வந்துவிட்டது" என்பது ஒரு கட்டம் அல்ல. அந்த இரும்பு நாளை வேறு சைட்டுக்குப் போகும்.

ஏற்கெனவே இப்படி ஏமாந்திருந்தால், கலைப்பதற்கு முன் அளவு டேப் தெரியும்படி படம் எடுத்து, எஞ்சினியரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2008) 54-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, குறையைச் சரிசெய் அல்லது பணத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடு என்று தேதி போட்டு ஈமெயிலில் கேளுங்கள். 20,000 ரேண்ட் வரை ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட், அங்கே வக்கீல் கிடையாது. அதற்கு மேல் 2 லட்சம் ரேண்ட் வரை மாவட்ட மாஜிஸ்திரேட் கோர்ட். இப்படிப்பட்ட பணக் கோரிக்கைக்குப் பொதுவாக மூன்று வருடக் காலக்கெடு உண்டு. "அடுத்த வாரம் வந்து செய்து தருகிறேன்" என்று அவர் இழுக்கிற நாளெல்லாம் அதில்தான் கழிகிறது.