கடையில் ஒரே ஆள், கையில் அரை மணி நேரம்: வாட்ஸ்அப்பா, இன்ஸ்டாகிராமா, கூகுள் மேப்பா?

கொப்பரைக் களங்கள் நிறைந்த காங்கேயத்தில் செக்கு எண்ணெய் விற்பவரையும், சென்னிமலையில் நான்கு தறி போட்டுப் பெட்ஷீட் நெய்பவரையும் எடுத்துக்கொள்வோம். விளம்பரத்துக்கென்று நாளுக்கு அரை மணி நேரம் கிடைத்தாலே இருவருக்கும் பெரிது. ஆனால் யாரைக் கேட்டாலும் ஒரே யோசனைதான்: "இன்ஸ்டால ரீல்ஸ் போடுங்க!" எண்ணெய்க்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை என்பது என் கட்சி.

எண்ணெய் தீர்ந்துகொண்டே இருக்கும் சரக்கு. புது ஆளைத் தேடுவதைவிட, வாங்கிப் பழகியவருக்கு நினைவூட்டுவதில்தான் வியாபாரம் இருக்கிறது. அதற்கு வாட்ஸ்அப் பிசினஸ் போதும். 2018இல் வந்த இலவசச் செயலி. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று படமும் விலையுமாக ஒருமுறை அதிலுள்ள கேட்டலாக் என்ற சரக்குப் பட்டியலில் ஏற்றிவிட்டால், "லிட்டர் என்ன விலைங்க?" என்று கேட்பவருக்கு அதையே அனுப்பிவிடலாம். பணம் பாக்கி வைத்தவர்களுக்குத் தனி லேபிள் போட்டு வைக்கலாம். இது பலருக்கும் தெரிவதில்லை.

ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட்டில்தான் ஒரு சூட்சுமம். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். அதனால் காசு வாங்கும்போதே, "நம்பரைச் சேவ் பண்ணிக்கங்க, செக்கு ஓட்டுற அன்னிக்கு மெசேஜ் போடறனுங்க" என்று சொல்லிவிட வேண்டும். சொன்னபடி அன்றைக்கு மட்டும் போட வேண்டும். தினமும் குட்மார்னிங் படம் அனுப்பும் கடையை யாரும் பிளாக் செய்யத்தான் பார்ப்பார்கள். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடுவது ஒருவகையில் நல்லது. போன வார விலையைக் காட்டி யாரும் சண்டைக்கு வர முடியாது.

சென்னிமலைக்காரர் கதை வேறு. இன்று பெட்ஷீட் வாங்கியவர் அடுத்து எப்போது வருவாரோ தெரியாது. அவருக்குப் புது ஆட்கள் வேண்டும். சரக்கும் மடித்துக் கூரியரில் போட்டால் சேதமில்லாமல் போய்விடும். எண்ணெய்க் கேன் அப்படிப் போகாது. 2020 ஜூனில் டிக்டாக் தடையாகி, அடுத்த மாதமே இங்கு வந்த ரீல்ஸின் பலம், பின்தொடராதவர் கண்ணிலும் படுவது. தறி ஓடுவதைப் பார்க்க அலுக்காது என்பதால் நெசவாளருக்கு அது தோதான இடம்.

ஆனால் நேரத்தைத் தின்னும். அரை நிமிட வீடியோவை எடுத்து, வெட்டி, எழுத்துப் போடவே அரை மணி போதாது. தினம் ஒன்று என்று கிளம்பினால் தறி நின்றுவிடும். ஒரு நாள் உட்கார்ந்து நான்கைந்து எடுத்து வைத்துக்கொண்டு வாரம் ஒன்று விடுவதே நடக்கிற காரியம். வணிகக் கணக்கில் பல சினிமாப் பாட்டுகள் கிடைக்காது. போகட்டும், தறிச் சத்தமே போதும். விலையை வீடியோவிலேயே போட்டுவிடுங்கள். "விலைக்கு மெசேஜ் பண்ணவும்" என்றால் பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள், மீதிப் பேருக்குப் பதில் சொல்லியே உங்கள் அரை மணி போய்விடும்.

ஃபேஸ்புக்குக்குத் தனியாக மெனக்கெட வேண்டாம். இன்ஸ்டாவில் போடுவதே அங்கும் போகும்படி இணைத்துவிட்டால் சரி.

கூகுள் மேப்பில் கடையைச் சேர்ப்பது ஒருநாள் வேலை, செலவும் இல்லை. காங்கேயம் பக்கத்துச் சிவன்மலை முருகன் கோயிலுக்கு வந்துவிட்டுத் திரும்பும் கோயமுத்தூர்க்காரர் காரில் இருந்தபடி "செக்கு எண்ணெய்" என்று தேடும்போது உங்கள் கடை தெரிய வேண்டும், திறந்திருக்கும் நேரமும் சரியாக இருக்க வேண்டும். கடை உங்களுடையதுதான் என்று உறுதிப்படுத்த, கடைப் பலகை தெரியும்படி ஒரு வீடியோவைக் கூகுள் கேட்கலாம். தள்ளுபடி கொடுத்து விமர்சனம் வாங்குவது கூகுள் விதிக்குப் புறம்பு. வாயால் கேட்டால் போதும். நேரில் யாரும் வராமல் கூரியரில் மட்டும் விற்கும் தறிக்காரர் இதில் சேர முடியாது.

ஆக, எண்ணெய்க்காரருக்கு முதலில் மேப், பிறகு வாட்ஸ்அப், அத்தோடு சரி. நெசவாளருக்கு இன்ஸ்டா, ஆர்டர் பேச வாட்ஸ்அப். எதுவானாலும் கடைக்கென்று தனி சிம் வாங்கிவிடுங்கள். சாதா வாட்ஸ்அப்பும் பிசினஸும் இரண்டு எண்ணில் ஒரே போனில் ஓடும். ராத்திரி பத்து மணிக்கு மேல் கடைக்கணக்கின் அறிவிப்பை மட்டும் அணைத்துவிட்டுத் தூங்கலாம்.