ஏற்காட்டில் கேம்பர் வேன் ஸ்டார்ட் ஆகாவிட்டால்: தள்ளலாமா, கேபிள் போடலாமா, சேலத்தில் இருந்து ஆள் கூப்பிடலாமா?

பழைய மெட்டடோர், டெம்போ டிராவலர் மாதிரி டீசல் வேனில் கட்டிலும் அடுப்பும் சின்ன பிரிட்ஜும் வைத்து ஏற்காட்டுக்கு ஓட்டி வருபவர்களுக்கு டிசம்பர் காலை ஒரு பரீட்சை. முந்தின நாள் சேலத்தில் சாவியைத் திருப்பியதும் உறுமின வண்டி, மேலே வந்து ஒரு ராத்திரி நின்றதும் மக்கர் பண்ணும். காரணம் இல்லாமல் இல்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். குளிரில் பேட்டரியின் பலம் குறையும், என்ஜின் ஆயில் கெட்டிப்படும். டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தில் சூடேறும் காற்றில்தான் டீசல் பற்ற வேண்டும். அந்தக் காற்றே மேலே லேசாகவும் சில்லென்றும் இருக்கிறது.

வண்டியைச் சுற்றி நாலு பேர் கூடினால் முதலில் வரும் யோசனை "தள்ளுங்க சார்" என்பதுதான். அதற்கு முன் சாவியைத் திருப்பி, காதால் கேளுங்கள். எந்த வழி சரி என்பதில் பாதி அந்தச் சத்தத்திலேயே இருக்கிறது.

டிக் டிக் டிக் என்று வரிசையாகத் துடித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது பேட்டரியில் ஒயர் மாட்டும் முனை, அதாவது டெர்மினல், லூஸ். ஒரே ஒரு 'டக்' கேட்டு அமைதியானால் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மறுபடி திருப்புங்கள். வெளிச்சம் செத்துப்போனால் பெரும்பாலும் பேட்டரி. வெளிச்சம் அப்படியே நின்றால், என்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாருக்குள் கரண்ட் போகவில்லை. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிட்டு டீசல் பக்கம் பாருங்கள்.

முதலில் காசு செலவில்லாத வேலை. டெர்மினலைக் கையால் முறுக்கிப் பாருங்கள். அசைந்தால் அதுவே குற்றவாளியாக இருக்கலாம். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் கழற்றி (மைனஸ் முதலில்), சுடுதண்ணீர் விட்டுத் தேய்த்து, துடைத்து மாட்டுங்கள். அடுத்து கியர்பாக்ஸில் இருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் பட்டை. ஏற்காட்டு மூடுபனியில் நனைந்து நனைந்து அது போல்ட்டோடு துருப்பிடிக்கும். மேலே பார்த்தால் தெரியாது. மல்டிமீட்டர் இருந்தால் நல்லது. ராத்திரி முழுக்க நின்ற பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் அதை நம்ப முடியாது.

இனி வழிகளுக்கு வருவோம்.

தள்ளுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. பழைய டீசல் பம்ப் மெக்கானிக்கலானது, ஓட கரண்டே வேண்டாம் (கரண்டில் டீசலைத் திறந்துவிடும் ஸ்டாப் சோலனாய்டு இருக்கும் வண்டிக்கு மட்டும் கொஞ்சம் வேண்டும்). சாவியை ஆனில் வைத்து, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் பிடிக்க வாய்ப்புண்டு. ஆனால் ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் ஆகும் முன் என்ஜினை உள்ளே சூடேற்றுவது) சூடேறாத குளிர்ந்த என்ஜினை உருட்டிப் பிடிக்க வைப்பது லேசில்லை. தவிர, கேம்பர் எடைக்கு நாலு பேர் பத்தாது. எஸ்டேட் ரோட்டில் சமதளமோ சின்ன இறக்கமோ இருந்தால் ஒருமுறை பார்க்கலாம். சேலம் ரோட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளை நம்பி உருட்டுவதை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். என்ஜின் ஓடாவிட்டால், பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்கு வேக்குவம் வராது. ஒன்றிரண்டு மிதியிலேயே பெடல் கல்லாகிவிடும்.

கேபிள் போடுவதற்குத்தான், அதாவது நல்ல பேட்டரியில் இருந்து கரண்ட் எடுப்பதற்குத்தான் என் ஓட்டு, அதிலும் கேம்பரில். பலருக்கு இது தோன்றுவதே இல்லை: வண்டிக்குள்ளேயே இன்னொரு பேட்டரி இருக்கிறது. பிரிட்ஜுக்கும் விளக்குக்கும் வைத்த அந்த பேட்டரி 12 வோல்ட் லெட் ஆசிட் என்றால் தாராளமாக உதவும். ஒரு திருத்தம்: அது இன்வெர்ட்டர் டியூபுலர் வகையானால் ஒரேயடியாகப் பெரிய கரண்ட் தரச் செய்தது அல்ல. இணைத்துப் பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு, ஸ்டார்ட்டர் பேட்டரி கொஞ்சம் ஏறியபின் செல்ஃப் அடியுங்கள். இரண்டுக்கும் மைனஸ் பாடியில்தானே என்று சிவப்புக் கேபிளோடு நிறுத்தாதீர்கள், மைனஸுக்கும் கேபிள் போடுங்கள். உள் பேட்டரியின் மைனஸ் ஒயர் பல வண்டிகளில் சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது, உருகிவிடும். லித்தியம் பேட்டரி என்றால் இந்த யோசனையே வேண்டாம். உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் அந்த கரண்டைத் தாங்காது.

வெளி வண்டியில் இருந்து எடுப்பதானால் எஸ்டேட் ஜீப் உத்தமம். பஸ், லாரிகளில் பெரும்பாலும் 24 வோல்ட், கேட்காமல் மாட்டாதீர்கள். செத்த பேட்டரியின் பிளஸ், நல்ல பேட்டரியின் பிளஸ், நல்லதன் மைனஸ், கடைசியாக உங்கள் என்ஜின் இரும்பு. கடைசி முனையில் பொறி தெறிக்கும். பேட்டரிக்கு மேல் ஹைட்ரஜன் நிற்கும் என்பதால்தான் அந்த முனையை பேட்டரியில் இருந்து விலக்கி மாட்டச் சொல்கிறார்கள்.

செல்ஃப் சுற்றியும் பிடிக்காத வண்டிக்கு இந்த இரண்டுமே வீண். என்ஜினை அணைக்க இழுக்கும் ஸ்டாப் கேபிள் உள்ளே போகாமல் பாதியில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்; சிரிப்பாக இருக்கும், ஆனால் நடக்கும். அப்புறம் ஏர் லாக். கால் டேங்க் டீசலோடு சரிவில் நிறுத்தினால் குழாய் டீசலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். பில்டரின் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பம்பை அடித்துக்கொண்டே இருங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழி, பிறகு சுத்தமான டீசல். அப்போது பம்ப் அடிப்பதை நிறுத்தாமல் ஸ்க்ரூவை இறுக்குங்கள். ஏர் கிளீனரில் துணியைக் கொளுத்திப் பிடிப்பதும் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பதும் ஹீட்டர் பிளக் உள்ள என்ஜினுக்கு ஆகாது.

மெக்கானிக் என்றால் முதலில் ஏற்காட்டிலேயே விசாரியுங்கள். எஸ்டேட் ஜீப்புகளைக் கட்டி ஓட்ட வைப்பவர்களுக்குப் பழைய டீசல் அத்துப்படி. சேலத்தில் இருந்து மேலே வர ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வருகிறவருக்கு அரை நாள் போகும், கூலியும் அதற்கேற்பத்தான். செல்ஃபில் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் மட்டும் கீழே இருப்பவருக்கு வேலை உண்டு. அதற்கும் செல்ஃபைக் கழற்றி, பஸ்ஸில் கொண்டுபோய்க் கடையில் கொடுத்து, சாயங்காலம் வாங்கி வருவது மலிவு. போனில் "ஸ்டார்ட் ஆகலை" என்று மட்டும் சொல்லாமல் எந்தச் சத்தம், எத்தனை வோல்ட், ஹீட்டர் லைட் எரிகிறதா என்று சொன்னால் சரியான சாமானோடு வருவார்.

கட்டி இழுப்பது கடைசி வழி, அதுவும் முழு வண்டியும் ஏறும் பிளாட்பெட் லாரி கிடைத்தால் மட்டும். கயிறு போட்டு இறக்குவதாக யாராவது சொன்னால், பூஸ்டர் செத்த வேனில் ஸ்டியரிங் பிடிக்கப்போவது யார் என்று அவரையே கேளுங்கள்.