ஓவியப் பயிற்சியைத் ‘திருத்தித் தருவோம்’ என்றால் நம்பிப் பணம் கட்டாதீங்க: என் 12,000 போன கதை

நேற்று இரவுதான் கடைசி பதில் வந்தது. பணம் திரும்பக் கிடைக்காதாம். 12,000. கோபம் அடங்குவதற்குள் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததையும், இதில் மாட்டாமல் தப்பிப்பது எப்படி என்பதையும் விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

பெயர் சொல்லப் போவதில்லை. ஓவிய அடிப்படைகளைக் கற்றுத்தரும் ஓர் ஆன்லைன் வகுப்பு, ஆறு மாதம். வீடியோ பார்த்துப் பயிற்சி செய்து, பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். வாரா வாரம் ஆசிரியர் தனித்தனியாகத் திருத்தித் தருவார். நான் பணம் கட்டியது அந்தத் திருத்தத்துக்கு மட்டும்தான். வீடியோதான் இலவசமாகவே கொட்டிக் கிடக்கிறதே.

என்னை விழவைத்தது அவர்களுடைய இலவச அறிமுக வகுப்பு. பெட்டிகள் வரைந்த ஒரு பக்கத்தை அனுப்பச் சொன்னார்கள். இரண்டு வருடமாகத் தனியாக உட்கார்ந்து பெட்டி பெட்டியாக வரைந்து தள்ளியவன் நான். ஏதோ இடிக்கும், என்னவென்று பிடிபடாது. அந்த ஆசிரியர் என் பக்கத்தின் மேலேயே சிவப்புக் கோடு போட்டார். பெட்டியின் விளிம்புகளைப் பின்பக்கமாக நீட்டிக்கொண்டே போனார். ஒரே திசையில் போகும் நான்கு விளிம்புகளும் தூரம் போகப் போக நெருங்கி, ஒரு புள்ளியில் போய்ச் சேர வேண்டும். என்னுடையவை விசிறி மாதிரி விரிந்துகொண்டு போயின. “பார்த்தீங்களா, முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் பெருசாயிடுச்சு. நீங்க ஒரு கோடு போடும்போது மத்த மூணையும் திரும்பிப் பார்க்கறதே இல்லைங்க” என்றார்.

பத்து நிமிடம்தான். இரண்டு வருடக் குழப்பம் தீர்ந்தது. கண் கலங்கிவிட்டது எனக்கு. அன்றிரவே 12,000 கட்டினேன். தவணை இருந்தது, ஆனால் மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

அந்த ஆசிரியரை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

முதல் வாரம் கோட்டுப் பயிற்சி. மணிக்கட்டை ஆட்டாமல் தோளிலிருந்து கையை நகர்த்தி, போட்ட கோட்டின் மேலேயே எட்டு முறை போட வேண்டும். பதில் வந்தது: “சூப்பர்! தொடர்ந்து பயிற்சி செய்யுங்கள்.” சரி, வெறும் கோட்டில் சொல்ல என்ன இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டேன். மூன்றாம் வாரம் உருளை. அதன் முனையில் வரும் நீள்வட்டத்தின் குற்றச்சு, அதாவது குறுகலான பக்கமாக நடுவில் ஓடும் கோடு, உருளையின் நடு அச்சோடு ஒன்றாகப் படிய வேண்டும். எனக்கு அது சாய்ந்து போவது எனக்கே தெரிந்தது. எங்கே பிசகுகிறது என்று கேட்டு எழுதியும் அனுப்பினேன். பதில்: “சூப்பர்! தொடர்ந்து பயிற்சி செய்யுங்கள்.” ஆச்சரியக்குறிகூட மாறவில்லை.

ஏழாம் வாரம் ஒரு வேலை செய்தேன். முதல் வாரம் அனுப்பிய அதே போட்டோவை, மூலையில் இருந்த மைக்கறையோடு, மறுபடி அனுப்பினேன். “முதல் வாரத்தைவிட மிக நல்ல முன்னேற்றம்!” என்று பதில் வந்தது.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. போன் செய்தால் மெயில் போடச் சொன்னார்கள். மெயில் போட்டால், ஆசிரியர் விடுப்பில் இருக்கிறார். பத்து நாள் கழித்து, “ஆரம்பத்திலேயே குறை சொன்னால் மாணவர்கள் மனம் தளர்ந்துவிடுவார்கள், இது எங்கள் கற்பித்தல் முறை” என்றார்கள். அடப்பாவிகளா, குறையைச் சொல்லத்தானே 12,000 கொடுத்தேன்! பணத்தைக் கேட்டதும் ஏழு நாள் விதி முளைத்தது. வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன், குழுவிலிருந்தே தூக்கிவிட்டார்கள். கொடுமை என்னவென்றால், மறுநாளே ‘அடுத்த நிலை’ வகுப்புக்குச் சலுகை விலை என்று மெயில் வருகிறது.

இன்னொன்று. ‘எங்கள் பிரத்யேகப் பயிற்சித் தாள்கள்’ என்று கொடுத்தார்களே, அவை 1866 முதல் 1871 வரை பாரிஸில் வெளியான, சார்ல் பார்க் என்ற ஓவியரின் லித்தோ படங்கள், அதாவது கல்லச்சில் அச்சடித்தவை. வான்கோ பார்த்துப் பார்த்து வரைந்து பழகியவை. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அருமையான பயிற்சிதான், மறுக்கவில்லை. பிரத்யேகமாம்!

பணத்தைவிட வலிப்பது அந்த ஏழு வாரம். தப்பான நீள்வட்டத்தை நூற்றுக்கணக்கில் போட்டிருக்கிறேன். கை அதையே பழகிவிட்டது. இனி அதை மறக்கடிக்க எத்தனை வாரமோ.

சரி, எச்சரிக்கைக்கு வருகிறேன். விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. அறிமுக வகுப்பில் திருத்துபவர்தான் கடைசிவரை திருத்துவாரா என்று எழுத்தில் கேளுங்கள். படித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குத் திருத்திக் கொடுத்த பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் மேலே கோடு போட்டிருக்க வேண்டும், பாராட்டு கணக்கில்லை. மொத்தமாகக் கட்டவே கட்டாதீர்கள். பெட்டிக்கு யாருமே வேண்டாம், விளிம்புகளை வேறு நிறப் பேனாவால் நீட்டிப் பார்த்தால் தப்பு தானே தெரியும்.

உருளைக்கும் அச்சை நீட்டிப் பார்த்துவிட்டேன். சாய்வது தெரிகிறது, ஏன் சாய்கிறது என்றுதான் பிடிபடவில்லை. அந்த மூன்றாம் வாரப் பக்கம் என்னிடமே இருக்கிறது. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்கிறீர்களா?