பெட்டியில் 1/1000, அளந்தால் வேறு

பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் கூரியரில் வந்த கிட் இது: ‘ஸ்டார் டிரெக்’ தொடரில் வரும் எண்டர்பிரைஸ் விண்கப்பலை ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாடல். கம்பெனி பெயர் வேண்டாம். பெட்டியில் 1/1000 என்று, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு என்று போட்டிருக்கிறார்கள். கதைப்படி கப்பல் 289 மீட்டர், அப்படியானால் 28.9 செ.மீ. வர வேண்டும். ஓசூரில் டர்னர் வேலை பார்ப்பவன் நான், அளக்காமல் விடுவேனா? ஒட்டி முடித்ததும் ஸ்கேல் வைத்தேன்: 27தான். வட்டத் தட்டு 12.7, அது சரி. பின்பக்க எஞ்சின் குழாய்களில்தான் கை வைத்திருக்கிறார்கள்.

“இல்லாத கப்பலுக்கு என்னங்க அளவு?” என்கிறாள் மனைவி. கப்பல் இல்லைதான், படப்பிடிப்புக்குச் செய்த 11 அடி மாடல் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கிறதே!

பிளாஸ்டிக்கில் பிசிறே இல்லை. நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர் தண்ணீரில் போட்டதும் கிழிந்தது. அலமாரியில் வேறு 1/1000 கப்பல்கள் இருந்தால் வாங்காதீர்கள், பக்கத்தில் வால் நறுக்கிய மாதிரி நிற்கும்.