மேக்புக் ஏரைத் துடைத்து, வாங்கியபோது இருந்த சியராவையே போட்டேன்

அத்தானின் அச்சகத்துக்கு ஒரு மேக் தேவைப்பட்டது, ஆனால் புதுசு வாங்கினால் பிரயோஜனம் இல்லை. கல்யாணப் பத்திரிகைக்கு அவர் வைத்திருக்கும் பக்க வடிவமைப்பு மென்பொருள் 32-பிட் காலத்தது. 2019-ல் வந்த கேட்டலினா என்ற இயங்குதளப் பதிப்பிலிருந்து மேக்கில் அந்த வகை எதுவுமே திறக்காது. என்னிடம் ஒரு வருஷத்துக்கும் மேலாக பீரோவில் கிடந்த 2017 மேக்புக் ஏர் இருந்தது. வாங்கியபோது அதில் இருந்தது கேட்டலினாவுக்கு முந்தைய சியரா, இப்போது இருந்தது அதற்குப் பிந்தைய மான்டரே. ஒரு சர்வீஸ் கடையில் கேட்டேன், 2,500 ரூபாய், மூன்று நாள் ஆகும், எந்த வெர்ஷன் வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். சரி, நாமே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். ஒரே சாயங்காலத்தில், காசு செலவில்லாமல் முடிந்தது. இயங்குதளத்தை நெட்டிலிருந்தே இறக்கிப் போடும் இன்டர்நெட் ரெக்கவரி, இன்டெல் சிப் உள்ள மேக்கில் அவ்வளவு நல்ல வசதி.

எல்லாமே ஆன் செய்யும்போது எந்த விசைகளை அழுத்திப் பிடிக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. கமாண்ட், ஆர் பிடித்தால் கடைசியாக இருந்த பதிப்பு வரும். கூடவே ஆப்ஷனையும் பிடித்தால் அந்த மெஷின் தாங்கும் ஆகப் புதிய பதிப்பு. ஷிஃப்டையும் சேர்த்து நான்கையும் பிடித்தால்தான் மெஷினோடு வந்த பதிப்பு, அது இல்லாவிட்டால் அதற்கு நெருக்கமாக இப்போது கிடைப்பது. திரையில் பூமி உருண்டை சுழல ஆரம்பித்ததும் கையை எடுத்துவிடலாம். எம்1 முதல் ஆப்பிளின் சொந்தச் சிப்போடு வந்த மேக்குகளில் இந்த விசைகள் வேலை செய்யாது.

தொடங்கும் முன் ஃபைல்களை வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்து, ஃபைண்ட் மை, ஐகிளவுட் இரண்டிலிருந்தும் வெளியே வந்துவிடுங்கள். வைஃபை கொஞ்சம் நிலையாக இருக்க வேண்டும், சியரா மட்டுமே கிட்டத்தட்ட 5 ஜிபி. பிரவுசரில் போய் லாகின் செய்தால்தான் திறக்கும் ஹாஸ்டல், ஹோட்டல் வைஃபை இதற்கு ஆகாது, போன் ஹாட்ஸ்பாட் போதும்.

நான் மாட்டிக்கொண்டது இரண்டு இடத்தில். முதலாவது டிஸ்க். மான்டரே இருந்ததால் அது ஏபிஎஃப்எஸ் என்ற புதிய வடிவத்தில் இருந்தது, டிஸ்க்கை அழிக்க சியராவுடன் வரும் டிஸ்க் யூட்டிலிட்டிக்கு அது புரியாது. உள்ளே இருக்கும் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து அழிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு தடவையும் பிழைதான் வந்தது. இடது பக்கப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே ஆப்பிள் எஸ்எஸ்டி என்று தொடங்கும் வரி, அளவு 121.33 ஜிபி என்று காட்டும், அதைத் தொட்டு மேக் ஓஎஸ் எக்ஸ்டெண்டட் ஜர்னல்டு, ஜியுஐடி பார்ட்டிஷன் மேப் என்று கொடுத்து அழித்ததும் நொடியில் வேலை முடிந்தது.

இரண்டாவது, தேதி. இன்ஸ்டாலைத் தொட்டால் ரெக்கவரி சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று வந்தது, நெட்டில்தான் கோளாறு என்று ரவுட்டரை இரண்டு தடவை அணைத்துப் போட்டேன். அப்புறம்தான் மேலே யூட்டிலிட்டீஸ் மெனுவில் கட்டளைகளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து டேட் (date) என்று அடித்துப் பார்த்தேன், 2001 ஜனவரி 1 என்று காட்டியது! பேட்டரி முழுசாக வற்றிப்போனதில் கடிகாரம் பின்னால் போயிருக்கிறது. தேதி தப்பாக இருந்தால் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழை மெஷின் ஏற்காது. அதே கட்டளைக்குப் பின்னால் மாதம், நாள், மணி, நிமிடம், வருடம் என்ற வரிசையில் எண்களை இடைவெளி இல்லாமல் அடித்தேன், டவுன்லோட் ஓட ஆரம்பித்துவிட்டது. பழைய மேக்கை எடுக்கிற யாரும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் ஒன்று, தினமும் நெட் பார்க்க, பேங்க் வேலை செய்ய சியரா வேண்டவே வேண்டாம், அதற்குப் பாதுகாப்பு அப்டேட் நின்று வருஷங்கள் ஆகின்றன. அதற்கெல்லாம் அப்டேட் இன்னும் வரும் மெஷினே நல்லது, இதிலேயே செய்தாக வேண்டுமென்றால் ஷிஃப்டை விட்டுவிட்டு மான்டரேவையாவது போடுங்கள், ஆனால் அதற்கும் வழக்கமான அப்டேட் 2024-ல் நின்றுவிட்டது. அத்தானிடம் வைஃபையை அணைத்துத்தான் கொடுத்தேன், பத்திரிகை ஃபைல்கள் பென்டிரைவில் போய் வருகின்றன. விற்கவோ யாருக்காவது கொடுக்கவோ போகிறீர்கள் என்றால், நாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் முதல் திரை வந்ததும் கமாண்ட், க்யூ அழுத்தி அணைத்துவிடுங்கள், வாங்குபவர் தன் பெயரிலேயே தொடங்கிக்கொள்ளலாம்.